கலந்தர் வளவின் இரண்டு வேலிகள்

எங்கள் பூவரசந்திட்டிப் பிரதேச சபையைப் பற்றி அடுத்த சபைக்காரர்கள் ஒரு பகிடி வைத்திருக்கிறார்கள். வாய்க்குள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு மேற்கு எல்லையில் நடக்கத் தொடங்கினால், துப்புவதற்கு இடம் தேடுகிற நேரத்தில் கிழக்கு எல்லை வந்துவிடுமாம். அதனால் எங்கள் ஆட்கள் எப்போதும் அவர்களுடைய பக்கத்தில்தான் துப்புகிறார்களாம். நான் தவிசாளராக வந்த புதிதில், நெல்லியடிச் சந்தையில் வைத்து இதை என் முகத்துக்கு நேரே ஒருவர் சொன்னார். அவருக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

சின்னச் சபைதான். ஒரு வீதி, ஒரு சந்தை, ஒரு வாசிகசாலை, பாதி நாள் ஓடுகிற ஒரு உழவு இயந்திரம். ஆனால் இது யாரும் இரக்கப்பட்டுத் தந்த சபை இல்லை. கோபத்தில் வாங்கிய சபை. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு மாரியில், எங்கள் ஊர் வீதிக்குக் குறுக்கே ஒரு கிழட்டுப் புளியமரம் விழுந்தது. வேர் ஒரு கிராமச் சங்கத்தின் நிலத்தில், கொப்பு மற்றச் சங்கத்தின் நிலத்தில். மரம் தங்களுடையதில்லை என்று ஒரு பகுதியார் சொன்னார்கள். அது விழுந்து கிடக்கிற இடம் தங்களுடையதில்லை என்று மறுபகுதியார் சொன்னார்கள். மாட்டுவண்டிகள் வயலுக்குள் இறங்கிச் சேறடித்துக்கொண்டு போய்வந்தன. பொறுத்துப் பார்த்த சனம் ஒருநாள் தாங்களே மரத்தை அரிந்து இழுத்துவிட்டு, நேரே அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போய் முற்றத்தில் இருந்துவிட்டது. எங்களுக்கு இரண்டு பேரும் வேண்டாம், எங்களுக்கென்று ஒரு சங்கம் தாருங்கள் என்றார்கள். எழும்பச் சொன்னால் எழும்பவில்லை. அரியண்டம் தாங்காமல் கொடுத்துவிட்டார்கள். அந்தப் புளியின் பலகையில் செய்த மேசைதான் இன்றைக்கும் தவிசாளரின் மேசை. நான்கு பேர் சேர்ந்தாலும் அதை அசைக்க முடியாது. எங்கள் ஆட்களும் அப்படித்தான்.

சங்கத்துக்கு எல்லை எழுத வந்தவர் அவசரக்காரர் போலிருக்கிறது. அரசாங்க வர்த்தமானியில் எங்கள் கிழக்கு எல்லையை ‘கலந்தர் வளவின் வேலி’ என்று எழுதினார். பக்கத்துச் சபையின் மேற்கு எல்லையையும் ‘கலந்தர் வளவின் வேலி’ என்றே எழுதினார். கலந்தர் என்பவரின் வீட்டுக் காணியான அந்த வளவுக்கு மேற்கே ஒரு வேலியும் கிழக்கே ஒரு வேலியும் இருந்தன. எந்த வேலி என்று அவர் எழுதவில்லை. அந்த வளவு எந்தச் சபைக்குள் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரியத் தேவையும் இருக்கவில்லை.

அந்தப் பழைய கலந்தருக்குப் பிறகு அவருடைய பேரனும் அதே பெயரோடு அங்கே இருந்தார். வளவின் முகப்பில் தையற்கடை. எங்கள் சபைத் தலைவருக்கும் அவர்தான் காற்சட்டை தைத்தார், பக்கத்துச் சபைத் தலைவருக்கும் அவர்தான் தைத்தார். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் இயக்கத்தார் முஸ்லிம் சனம் முழுவதையும் உடுத்த உடுப்போடு வெளியேறச் சொன்னார்கள். கலந்தர் தையல் மெசினையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு போனார். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. எதற்கெடுத்தாலும் வாய் திறக்கிற எங்கள் ஊர் அன்றைக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. கலந்தர் புத்தளத்திலேயே காலமானார். வளவு பற்றை பிடித்தது.

போன வருடம் அவருடைய மகள் மர்ழியா அக்கா என் கந்தோருக்கு வந்து அந்தப் புளிய மேசைக்கு முன்னால் இருந்தார். ஐம்பது தாண்டிய மனுசி, மெல்லிய குரல். யாழ்ப்பாணம் ரவுணில் மகன் நௌபரோடு வாடகை வீட்டில் இருக்கிறாராம்.

“வாப்பாடை காணியிலை ஒரு சின்ன வீடு கட்டோணும். ரெண்டு அறை காணும். உங்கடை செயலாளர் அது பக்கத்துச் சபை எண்டு சொல்லுறார். அங்கை போனால் அது பூவரசந்திட்டி எண்டு சொல்லுகினம்.”

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லை தெளிவில்லை அக்கா, எங்களுக்கேன் தேவையில்லாத சோலி என்றார். ‘எங்களுடையதில்லை’ என்ற சொல்லைக் கேட்டு வெறுத்துப்போய் உண்டாக்கிய சபை, அதே சொல்லை இப்போது புளிய மேசைக்கு முன்னால் இருந்து சொல்லுகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

“சேவையரைக் கூப்பிட்டு அளப்பம்,” என்றேன்.

மர்ழியா அக்கா உடனே ஓம் என்று சொல்லவில்லை. காணி ஒடுங்கினது. உறுதிப் பத்திரத்தில் எழுதிய அகலம் அப்படியே இருந்தால் சின்ன வீடொன்றுக்கு மட்டுமட்டாகக் காணும். ஒரு சாண் குறைந்தாலும் எந்தச் சபையும் அனுமதி கொடுக்க முடியாது, அது சட்டம்.

“குறைஞ்சுதான் இருக்கும், எனக்குத் தெரியும்,” என்றார். “ஆரையும் குற்றம் சொல்லமாட்டன். இவ்வளவு காலம் ஆள் இல்லாத காணி. அளந்து காணாதெண்டால் நான் புத்தளத்துக்கே போயிடுறன் தங்கச்சி. ஒருக்கா அளந்து பாத்திட்டுப் போனால் மனம் ஆறும்.”

அவர் ஏன் அப்படி நினைத்தார் என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. வேலி அடைக்கிற காலம் வந்தால், பழைய கதியால் தடியைப் பிடுங்கிப் புதிய கதியாலை நடும்போது ஒரு விரற்கடை அங்கால் தள்ளி நடுவது எங்கள் நாட்டுப் பழக்கம். அடுத்த முறை இன்னொரு விரற்கடை. உடன்பிறந்தவர்களே இதற்காக வழக்குப் பேசக் கோட்டுக்குப் போய், பிள்ளைகளின் கலியாணத்துக்கும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். உரிமைக்காரன் பக்கத்தில் நின்று பார்க்கும்போதே இப்படியென்றால், உரிமைக்காரன் இல்லாத காணியை யார் விடுவார்கள்?

அந்த வளவுக்கு மேற்கே, எங்கள் சபைக்குள், ஐசாக்கண்ணை. மெதடிஸ்த கோயிலில் மணி அடிப்பவர், ஒரு சொல்லுக்கு மேல் கதைக்காதவர். கிழக்கே, பக்கத்துச் சபைக்குள், வெங்காயத் தோட்டக்காரி சிவகௌரி அக்கா. அவர் ஒரு சொல்லோடு நிற்பாட்டாதவர். இந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் எத்தனையோ வருடம். சண்டையின் காரணம் ஊருக்கே தெரியும். கலந்தர் வளவை மற்றவர் தின்னுகிறார் என்று இரண்டு பேரும் சொல்லித் திரிந்தார்கள்.

ஊர் இரண்டு பேரையும் நம்பியது, அதாவது இரண்டு பேரும் தின்னுகிறார்கள் என்று நம்பியது. காரணம் இல்லாமலும் இல்லை. ஐசாக்கண்ணை அந்த வேலியை மட்டும் விடியப்புறத்தில் ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடாமல் தனியே அடைப்பார். கௌரி அக்கா ஊர் முழுக்க நல்லூர்த் தேருக்குப் போன நாள் பார்த்து அடைப்பிப்பார். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசில் இரண்டு பேரும் மற்ற மூன்று பக்கமும் மதில் கட்டினார்கள். கலந்தர் வளவுப் பக்கம் மட்டும் இன்னும் கதியாலும் பனையோலையும்தான். மதில் கட்டினால் பிறகு எப்படி நகர்த்துவது என்று சந்தையில் கதைத்துச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அளக்கப் போகிறோம் என்று சொல்ல ஐசாக்கண்ணை வீட்டுக்குப் போனேன். கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார்.

“அளவுங்கோ,” என்றார்.

“குறைஞ்சிருந்தால் வேலி பின்னுக்கு வரவேண்டி இருக்கும், அண்ணை.”

“அளவுங்கோ எண்டு சொல்லுறனெல்லோ பிள்ளை.”

கௌரி அக்காவிடம் போனேன். “வடிவா அளவுங்கோ,” என்றார். “உந்த மனுசன் தின்னதெல்லாம் வெளியிலை வரட்டும். மர்ழியா வந்திருக்கிறாள் எண்டு கேள்விப்பட்டனான். எந்த முகத்தோடை போய்ப் பாக்கிறது? நானும் அவளும் ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். அவள் போன அண்டைக்கு நான் யன்னலுக்குப் பின்னாலை நிண்டனான்.” கௌரி அக்கா பேச்சை நிற்பாட்டியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

சேவையர் டினேஸ் மோட்டார்சைக்கிளில் முக்காலியைக் கட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை வந்தார். பற்றையை முதல்நாளே வெட்டுவித்திருந்தேன். எங்கள் ஊரில் சேவையர் வருகிறார் என்றால் கோயில் கொடியேற்றம் மாதிரி. சந்தையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்கள். பக்கத்துச் சபைத் தவிசாளரும் வந்தார், வயிறு முன்னாலும் தான் பின்னாலுமாக. மர்ழியா அக்கா மகனோடு ஒரு பூவரசின் கீழே நின்றார். உறுதியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஐசாக்கண்ணை தன் வேலிக்கு உள்ளே, கௌரி அக்கா தன் வேலிக்கு உள்ளே.

டினேஸ் பழைய காணிப் படத்தைப் பார்த்தார், கருவிக்குள்ளால் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். ஐசாக்கண்ணையின் வேலியிலிருந்து வளவுக்குள்ளே சில அடி நடந்துவந்து, நிலத்தில் சுண்ணாம்பு போட்டார்.

“இதிலை கிண்டுங்கோ. எல்லைக்கல்லு இதிலை இருக்கோணும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, நீர் பிழையான பக்கம் நிக்கிறீர். கல்லு வேலிக்கு அங்காலை, ஐசாக்கண்ணையின்ரை வளவுக்குள்ளையெல்லோ இருக்கும்.”

“கணக்கு இங்காலை எண்டுதான் சொல்லுது, அக்கா.”

இந்தப் பிள்ளைக்கு அளக்கத் தெரியாது என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். அலவாங்கு இரண்டு தரம் மண்ணில் இறங்கியது. மூன்றாம் தரம் ‘ணங்’ என்றது. மண்ணைத் தள்ளினோம். மேலே சிலுவைபோல வெட்டின எல்லைக்கல், போட்டபடி இருந்தது.

வேலி கல்லுக்கு அங்கால் நின்றது. ஐசாக்கண்ணையின் பக்கத்தில், அவருடைய சொந்தக் காணிக்குள் நின்றது. கலந்தர் வளவு குறையவில்லை, கூடியிருந்தது.

டினேஸ் கிழக்குப் பக்கம் போனார். அங்கேயும் வேலியிலிருந்து வளவுக்குள்ளே நடந்துவந்து சுண்ணாம்பு போட்டார். அங்கேயும் அலவாங்கு ‘ணங்’ என்றது. கௌரி அக்காவின் வேலியும் அவருடைய சொந்தக் காணிக்குள்தான் போய் நின்றது, ஐசாக்கண்ணையின் வேலியை விடக் கூடவே தள்ளி.

“இதென்ன கண்டறியாத கூத்து,” என்று பக்கத்துச் சபைத் தவிசாளர் வாய்விட்டுச் சொன்னார். அவரோடு நான் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

எல்லோரும் ஐசாக்கண்ணையைப் பார்த்தோம். அவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, கல்லைப் பார்த்தார். பிறகு, அவர் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

“இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து பாத்தால் ஒரு கதியாலும் இல்லை. எது எல்லை எண்டு சரியாத் தெரியேல்லை. அந்தப் பக்கம் பிழைச்சுப்போனால் என்ன செய்யிறது எண்டு, ஒரு சாண் என்ரை பக்கம் எடுத்து நட்டனான். அடுத்தமுறை அதுவும் சரியோ எண்டு சந்தேகம். இன்னும் ஒரு சாண் எடுத்தன். ஆள் இருக்கிற காணியெண்டால் பிழைச்சால் வந்து ஏசுவினம். கேக்க ஆளில்லாத காணியிலைதான் கவனமா இருக்கோணும்.”

“அப்ப ஏன் விடியப்புறத்திலை ஒளிச்சு அடைச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

“மனுசி கண்டால் விடுவாளே?”

கூட்டத்தில் அவருடைய மனைவியும் நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் முதல் சிரிப்பு கிளம்பியது.

கௌரி அக்கா சிரிக்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நான் உந்த மனுசன் அந்தப் பக்கத்தாலை தின்னுறார் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான்,” என்றார். “அவள் ஒருநாள் வந்து நிண்டால் காணி காணாமல் போயிடுமே எண்டு, அந்தப் பக்கம் போறதை இந்தப் பக்கத்தாலை ஈடு கட்டினன். உவர் தின்னேல்லை எண்டால் நான் ஏன் இவ்வளவும் குடுத்தனான்?”

மர்ழியா அக்கா மெல்ல நடந்துவந்து அந்த எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் குந்தினார். கல்லைத் தடவினார். அழுகையும் சிரிப்பும் அவருக்கு ஒன்றாக வந்தன.

“முப்பத்தைஞ்சு வருசம் உங்கள் ரெண்டு பேரையும் கள்ளர் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்,” என்றார். “வாப்பா மட்டும் சொல்லுவார், அப்பிடி நினையாதை எண்டு. நான் நம்பேல்லை.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் இன்னும் பிந்தி வந்திருந்தால் என்ன செய்திருப்பியள் அண்ணை?” என்று கேட்டார்.

ஐசாக்கண்ணை திரும்பித் தன் வீட்டைப் பார்த்து, மனதுக்குள் அளந்தார்.

“என்ரை குசினி அடுப்போடை உங்கடை காணிக்குள்ளை வந்திருக்கும்,” என்றார்.

அதற்குப் பிறகு சிரிப்பை நிற்பாட்ட ஒருவராலும் முடியவில்லை. கௌரி அக்கா வேலியோலையைக் கையால் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்து மர்ழியா அக்காவைக் கட்டிப்பிடித்து என்னவோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது. எங்கள் ஊர் அந்த ஐப்பசியில் செய்யாததற்கு இது ஈடாகாது. ஆனாலும் இரண்டு வேலிகள் வாய் திறவாமல் செய்த காரியத்தை அன்றைக்குக் கண்டேன்.

அந்த நேரம் பார்த்து பக்கத்துச் சபைத் தவிசாளர் தொண்டையைச் செருமினார். “உண்மையிலை இது எங்கடை சபைக்குள்ளை வாற காணி,” என்றார். “இந்த அம்மாவுக்கு நாங்கள் அனுமதி குடுப்பம். அடுத்த மாதக் கூட்டத்திலை எடுத்து, திட்டக்குழுவுக்கு அனுப்பி...”

இவ்வளவு காலமும் அந்த வீதிக்கு ஒரு பல்ப் போடாத சபை. சனம் பார்க்கிறது என்றவுடன் பாசம் வந்துவிட்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“நீங்கள் அடுத்த மாதம் எடுங்கோ. எங்கடை திட்டக்குழு ஆக்கள் எல்லாரும் இதிலைதான் நிக்கினம்,” என்றேன்.

பொய் இல்லை. சந்தையைப் பூட்டிவிட்டு வேடிக்கையும் விடுப்பும் பார்க்க வந்தவர்களில் எங்கள் உறுப்பினர்களும் இருந்தார்கள், செயலாளரும் இருந்தார், தொழில்நுட்ப உத்தியோகத்தரும் இருந்தார். சின்னச் சபை என்று பகிடி பண்ணுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பூவரசின் கீழேயே கூட்டம் கூடியது. கிழக்கு வேலிதான் எங்கள் எல்லை, அதுவரைக்கும் உள்ள காணி எங்களுடையது என்று ஒருமனதாகத் தீர்மானம் எடுத்தோம். ‘எங்களுடையது’ என்று கை உயர்த்தியவர்களில் செயலாளருடைய கைதான் முதல் உயர்ந்தது. நௌபர் வீட்டு வரைபடத்தை நீட்டினார். சபை முத்திரை என் கைப்பைக்குள் இருந்தது. பக்கத்துச் சபைத் தவிசாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தனக்கு ஆட்சேபனை இல்லை என்று சொல்லி, தானே வரைபடத்தின் மூலையைக் காற்றுக்குப் பறக்காமல் பிடித்துக்கொண்டார். நல்ல மனுசன்தான், சொன்னால் கொழுப்பு ஏறிவிடும்.

வீட்டுக்கு அத்திவாரம் வெட்டமுதல் வேலி அடைக்க வேண்டும். அடுத்த கிழமை எல்லோரும் கூடினோம். அங்கே தொடங்கியது சண்டை. மர்ழியா அக்கா கல் இருக்கிற இடத்தில்தான் கதியால் நடவேண்டும், மிச்சம் உங்களுடையது என்றார். ஐசாக்கண்ணை, நட்டது நட்டதுதான் என்றார். கௌரி அக்கா, அவர் குடுத்ததை எடுக்கேல்லை எண்டால் நான் மட்டும் எடுக்கிறதோ என்று கேட்டார். ஒரு சாண் காணியை வேண்டாம் என்று யாழ்ப்பாணத்தில் மூன்று பேர் அடிபடுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெயில் ஏற ஏறக் குரலும் ஏறியது. கதியால் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் களைத்துப்போய்க் கீழே போட்டார்கள்.

கடைசியில் மர்ழியா அக்காதான் இறங்கி வந்தார். “சரி, வேலி நீங்கள் வைச்ச இடத்திலையே நிக்கட்டும். ஆனால் ரெண்டு பக்கமும் பொட்டு வேணும். வாப்பாடை காலத்திலை இருந்தது மாதிரி.”

பொட்டு என்றால் வேலியில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு விடுகிற வழி. கறி கொண்டுபோக, நெருப்பு வாங்க, ஊர் விடுப்புச் சொல்ல. அதற்கு இரண்டு பேரும் மறுப்புச் சொல்லவில்லை. வேலி அடைத்து முடிந்தபோது ஐசாக்கண்ணையின் முற்றத்திலிருந்து பார்த்தால் ஒரு பொட்டுக்குள்ளால் கலந்தர் வளவு, மற்றப் பொட்டுக்குள்ளால் கௌரி அக்காவின் வெங்காயப் பாத்தி, நேர்கோடாகத் தெரிந்தது.

வேலி அடைத்த வீட்டுக்காரர் உதவிக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். மர்ழியா அக்கா இடியப்பப் புரியாணி செய்து கொண்டுவந்திருந்தார். பூவரசின் கீழே பாய் விரித்து இலை போடுகிற நேரத்தில், ஐசாக்கண்ணையின் சிவப்புக் கோழி பொட்டுக்குள்ளால் நுழைந்து, வளவின் நடுவில் வந்து நின்று புதுமண்ணைக் கிளறத் தொடங்கியது. கௌரி அக்காவின் கழுத்து நீண்டது.

“ஐசாக்கண்ணை, உங்கடை கோழி என்ரை வெங்காயத்துக்கு வருது.”

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் அந்த மனுசனோடு நேரே கதைத்த முதல் கதை அதுதான்.

“இன்னும் வரேல்லையே,” என்றார் ஐசாக்கண்ணை.

“வரப்போகுது. எனக்குத் தெரியாதே உங்கடை கோழியின்ரை குணம்?”

“கோழிக்கென்ன குணம்?”

“வளர்க்கிற ஆளின்ரை குணம்தான்.”

சபைச் சட்டத்தில் கோழிக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இடியப்பத்தைப் பரிமாறிக்கொண்டிருந்த மர்ழியா அக்கா நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்.

“ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்கோ. கோழி என்ரை வளவுக்குள்ளைதானே நிக்குது.”

என் கந்தோருக்கு வந்த நாளிலிருந்து அவர் அந்த வளவை ‘வாப்பாடை காணி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரு மறுகதை இல்லாமல் வந்து பாயில் குந்தினார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோசப் புளுகத்தில் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.